சார்ஜ் லைட்டைக் கழற்றும் முன்: வாசகர் கேள்வி–பதில்

பழைய காரின் டேஷ்போர்டில், பேட்டரி சார்ஜ் ஆகாவிட்டால் எரியும் சிவப்பு சார்ஜ் லைட்டை எடுத்துவிட்டு முள் மீட்டர் வைப்பவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் சார்ஜிங் ஒயரிங் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம். டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டுமே இன்ஜின் சுற்றும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்பவை; முன்னது பழைய வகை, பின்னது புதிய வகை.

சேலம் வாசகர்: என் அம்பாசிடரில் டைனமோவை எடுத்துவிட்டு, மூன்று பின் உள்ள லூகாஸ் வகை ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன். சார்ஜ் லைட் இருந்த துளையில் வோல்ட் மீட்டர் பொருத்தினோம். லைட்டுக்குப் போன இரண்டு ஒயரையும் டேப் சுற்றி உள்ளே விட்டுவிட்டோம். வண்டி ஸ்டார்ட் ஆனதும் மீட்டர் 12-லேயே நிற்கிறது. நன்றாக ரேஸ் கொடுத்தால் திடீரென்று 14-க்கு ஏறுகிறது. சில நாள் ஊர் போய்ச் சேரும் வரை ஏறுவதில்லை. கடையில் பெஞ்சில் போட்டுப் பார்த்தார்கள், ஆல்டர்னேட்டரில் குறை இல்லை என்கிறார்கள்.

பதில்: டேப் சுற்றிய அந்த இரண்டு ஒயரில்தான் கோளாறு இருக்கிறது.

டைனமோ வண்டியில் சார்ஜ் லைட் வெறும் அறிவிப்பு விளக்கு. அதைக் கழற்றி எறிந்தாலும் டைனமோ சார்ஜ் செய்யும். ஏனென்றால் அதன் ஃபீல்டு காயிலைச் சுற்றியுள்ள இரும்பில் மிச்சமிருக்கும் காந்தமே வேலையைத் தொடங்கி வைத்துவிடும். ஆல்டர்னேட்டரில் அப்படியில்லை. அதன் ரோட்டரில், அதாவது உள்ளே சுற்றும் காந்தக் காயிலில், மிஞ்சும் காந்தம் மிகக் குறைவு. அந்தக் காந்தத்தால் உண்டாகும் சில நூறு மில்லிவோல்ட், உள்ளே இருக்கும், கரண்டை ஒரே திசையில் விடும் டயோடுகளையும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் தாண்டிப் போகாது. அதனால் சாவியைத் திருப்பியதும் வெளியிலிருந்து கொஞ்சம் கரண்ட் ரோட்டருக்குள் போயாக வேண்டும். சார்ஜ் லைட் பல்பு வழியாகத்தான் அது போகிறது. 12 வோல்ட், 2.2 வாட் பல்பு என்றால் சுமார் 0.18 ஆம்பியர். அந்தச் சிறு கரண்ட்தான் ரோட்டரைக் காந்தமாக்கி, ஐடிலிங்கிலேயே சார்ஜைத் தொடங்கி வைக்கிறது. பல்பு போய்விட்டால் மிச்சக் காந்தத்தை மட்டும் நம்பி, இன்ஜின் வேகம் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் வண்டியில் நடப்பது இதுவே. பெஞ்சில் சோதிப்பவர் ஒரு டெஸ்ட் பல்பை மாட்டித்தான் ஓட்டிப் பார்ப்பார். அதனால் அங்கே குறை தெரியாது.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. எங்கள் கருத்தில் முதல் வழியே சிறந்தது: வோல்ட் மீட்டர் இருக்கட்டும், சார்ஜ் லைட்டும் இருக்கட்டும். டேஷ்போர்டின் கீழ் ஓரத்தில் சிறு துளை போட்டு 2.2 வாட் பல்பு ஹோல்டர் ஒன்றை வையுங்கள். ஒரு முனை இக்னிஷன் சாவியின் வெள்ளை ஒயருக்கு, மறு முனை ஆல்டர்னேட்டரின் ஐஎன்டி என்ற சிறிய பின்னுக்கு. பல்புக்கு இணையாக, அதாவது அதே இரு முனைகளுக்கும் இடையில், 100 ஓம் 5 வாட் மின்தடை ஒன்றையும் மாட்டிவிடுங்கள். என்றாவது பல்பு ஃபியூஸ் ஆனாலும் சார்ஜ் நிற்காது. பல்புக்குப் பதில் எல்இடி போட நினைத்தால் இந்த மின்தடை கட்டாயம் தேவை. எல்இடி வழியாகப் போவது ஏறத்தாழ 0.02 ஆம்பியர்தான், அது போதாது.

விளக்கே வேண்டாம் என்றால் இரண்டாவது வழி: அந்த இரண்டு ஒயருக்கும் நடுவில் 68 ஓம், 5 வாட் ஒயர்வவுண்டு மின்தடை. சாவி போட்டு இன்ஜின் ஓடாமல் நிற்கும்போது அதில் 2 வாட் சூடு கிளம்பும். அதனால் டேப் சுற்றிப் பஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் திணிக்கக் கூடாது. தகரத்தில் கிளிப் வைத்துக் காற்றுப் படும்படி பொருத்துங்கள். கால் வாட் மின்தடை மலிவு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது சில நிமிடத்தில் கருகிவிடும்.

செய்யவே கூடாத ஒன்று: பல்பும் இல்லாமல் மின்தடையும் இல்லாமல் இரண்டு ஒயரையும் நேரடியாக முறுக்கிவிடுவது. அப்போது சார்ஜ் ஆகும், ஆனால் சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது. ஐஎன்டி பின்னிலிருந்து கரண்ட் திரும்பிவந்து இக்னிஷன் காயிலை ஓட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பின்னுக்குப் பின்னால் இருப்பவை ரோட்டருக்கு மட்டும் கரண்ட் தரும் மூன்று சிறிய டயோடுகள். காயிலின் சுமையும் சேர்ந்தால் அவை போய்விடும்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் பாருங்கள். சாவி போட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் ஐஎன்டி பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 1 முதல் 2 வோல்ட் வர வேண்டும். 12 வோல்ட் வந்தால் கரண்ட் உள்ளே போகவில்லை என்று பொருள். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது ரோட்டர் காயில் அறுந்திருக்கும். எதுவுமே வராவிட்டால் பல்பு வரும் வழியில் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஐஎன்டி பின்னிலும், பேட்டரிக்குக் கரண்ட் தரும் பெரிய பின்னிலும் ஏறத்தாழ ஒரே வோல்டேஜ், 14-ஐ ஒட்டி, இருக்க வேண்டும்.

மதுரை வாசகர்: டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு மாற்றிய பிறகு, சாவியை எடுத்த பின்னும் சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது. சாவி போட்டால் அணைந்துவிடுகிறது.

பதில்: டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் வைக்கும் பழைய கட்-அவுட் பெட்டியில் டி முனையில் இரண்டு ஒயர் இருந்திருக்கும். ஒன்று டைனமோவிலிருந்து வந்த தடித்த ஒயர், மற்றது சார்ஜ் லைட்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். லூகாஸ் முறையில் இரண்டுமே பழுப்பில் மஞ்சள் கோடு. ஆல்டர்னேட்டர் போட்டவர் ஏ, ஏ1, டி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது மெல்லிய ஒயரையும் அதோடு சேர்த்து முடுக்கிவிட்டார். இப்போது விளக்கின் ஒரு முனையில் எப்போதும் பேட்டரி இருக்கிறது. சாவி இல்லாதபோது கரண்ட் விளக்கு வழியாக காயிலுக்குள் வடிகிறது, சாவி போட்டதும் இரண்டு முனையும் சமமாகி அணைகிறது. மெல்லிய ஒயரைப் பிரித்து ஆல்டர்னேட்டரின் ஐஎன்டி பின்னுக்குக் கொண்டுபோங்கள். எஃப் முனைக்குப் போன பழுப்பு–பச்சை ஒயர் இனித் தேவையில்லை. அது இன்ஜின் அருகே ஏற்கெனவே போவதால் அதையே ஐஎன்டி ஒயராகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அதன் இரு முனையிலும் சீட்டு கட்டி எழுதி வையுங்கள், அடுத்து கை வைப்பவர் குழம்பக் கூடாது.

கோவை வாசகர்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். டைனமோவும் கட்-அவுட்டும் அசலாகவே இருக்க வேண்டும் என்பது ஆசை. ஒரு ஆம்பியர் மீட்டர் மட்டும் கூடுதலாக வைக்க வேண்டும். எந்த ஒயரில் வைப்பது? எத்தனை ஆம்பியர் மீட்டர்?

பதில்: நல்ல முடிவு. டைனமோவோடு ஆம்பியர் மீட்டர் நன்றாகவே பொருந்தும். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர். எனவே நடுவில் பூஜ்யம் உள்ள 30–0–30 மீட்டர் போதும்.

வைக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: செல்ஃப் சுவிட்சின் பேட்டரிப் பக்கத்திலிருந்து கட்-அவுட்டின் ஏ முனைக்கு வரும் பழுப்பு ஒயர். இதை வெட்டி, ஒரு பாதியை மீட்டரின் ஒரு போல்ட்டுக்கும் மறு பாதியை அடுத்த போல்ட்டுக்கும் கொடுங்கள். செல்ஃப் மோட்டாரின் கரண்ட் மட்டும் இந்த வழியில் வரவே கூடாது. அது நூறு ஆம்பியரைத் தாண்டும், மீட்டர் ஒரே தடவையில் போய்விடும். விளக்கு, ஹார்ன், இக்னிஷன் எல்லாம் மீட்டருக்கு அப்பால், ஏ1 முனையிலிருந்து பிரிய வேண்டும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள்: லூகாஸ் ஃபியூஸ் பெட்டியிலும் ஏ1, ஏ2 என்று எழுதியிருக்கும். நாம் சொல்வது கட்-அவுட்டின் ஏ, ஏ1.

ஒயர் கணக்கு முக்கியம். மீட்டருக்குப் போய்த் திரும்பும்போது ஒயரின் நீளம் இரண்டு மடங்காகிறது. அசலில் இருப்பது 44 இழை ஒயர், சுமார் 3 சதுர மி.மீ. புதிதாகப் போடும் துண்டுகளுக்கு 65 இழை, அதாவது சுமார் 4.5 சதுர மி.மீ. வாங்குங்கள். செல்ஃப் சுவிட்சை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வையுங்கள். தொழிற்சாலையில் இந்த ஒயருக்கு ஃபியூஸ் வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் இந்த ஒயரை டேஷ்போர்டு வரை இழுக்கவும் இல்லை. தகரச் சுவரைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் இல்லாமல் ஒயரை விட்டால், சில மாத அதிர்வில் உறை கிழிந்து எர்த் ஆகும். ஃபியூஸ் இல்லாவிட்டால் அந்தக் கணத்தில் பேட்டரியின் முழு பலமும் டேஷ்போர்டுக்குப் பின்னால் எரியும். அணைக்க சாவியால் முடியாது. மீட்டரின் இரு போல்ட்டுக்கும் ரப்பர் மூடி போடுங்கள். ஒயர் முனையில் மாட்டும் லக்கை நெருக்கி அடித்த பிறகு இழுத்துப் பாருங்கள், ஸ்பிரிங் வாஷர் இல்லாமல் நட்டு முடுக்காதீர்கள்.

எந்தப் போல்ட் பேட்டரிக்கு என்று யோசிக்கவே வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். 45 வாட் பல்பு இரண்டு என்றால் ஏழரை ஆம்பியர், பின் விளக்குகளும் சேர்ந்து எட்டு ஒன்பது. முள் கழித்தல் பக்கம் அந்த அளவுக்குப் போனால் சரி, கூட்டல் பக்கம் போனால் இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுங்கள். முள் அசையாவிட்டால் விளக்கின் கரண்ட் மீட்டருக்கு முன்பே எங்கோ பிரிகிறது.

ஓடும்போது என்ன எதிர்பார்ப்பது? ஐடிலிங்கில் முள் கொஞ்சம் கழித்தலில் நிற்பது டைனமோவுக்கு இயல்பு. வேகம் ஏறி, வோல்டேஜ் 12.7 முதல் 13.3-க்குள் வந்ததும் கட்-அவுட் சேர்ந்து முள் கூட்டலுக்குத் தாவும். செல்ஃப் அடித்த சில நிமிடம் 10, 15 காட்டிவிட்டு மெல்ல இறங்கி ஒன்றிரண்டில் நிற்பது நல்ல சகுனம். மணிக்கணக்கில் 15-லேயே நின்றால் ரெகுலேட்டர் கூடுதலாகத் தருகிறது அல்லது பேட்டரியில் ஒரு செல் போயிருக்கிறது. இன்ஜினை அணைத்ததும் முள் கழித்தலின் கடைசிக்கே போய் ஒட்டிக்கொண்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். கட்-அவுட்டின் பாயின்ட் ஒட்டிக்கொண்டு, பேட்டரி டைனமோவை மோட்டாராகச் சுற்றப் பார்க்கிறது. பெல்ட் பிடித்திருப்பதால் அது சுற்றாது, அதன் உள்காயிலான ஆர்மேச்சர்தான் கருகும்.

இன்னொன்றையும் பாருங்கள். வண்டி பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா? பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். இடையில் யாராவது மாற்றி, டைனமோவின் ஃபீல்டு காந்தத் திசையைத் திருப்பாமல் விட்டிருந்தால் கட்-அவுட்டில் பொறி பறக்கும். திருப்புவது எளிது. டைனமோவின் டி, எஃப் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, எர்த் ஆகாத பேட்டரி முனையிலிருந்து ஒரு ஒயரை டைனமோவின் சிறிய முனையில், அதாவது எஃப்-இல், இரண்டு மூன்று முறை ஓரிரு விநாடி தொட்டு எடுங்கள். பிறகு ஒயர்களைப் பழையபடி மாட்டலாம்.

சென்னை வாசகர்: 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டபின் பழைய 30 ஆம்பியர் மீட்டரையே வைத்திருக்கிறேன். இரவில் மீட்டரின் பின்புறம் சுடுகிறது.

பதில்: இன்றே அதை வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். செல்ஃப் அடிக்க முடியாமல் ஒருமுறை பேட்டரி இறங்கிப்போய், தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஆல்டர்னேட்டர் தன்னால் முடிந்த 45-ஐயும் பேட்டரிக்குள் தள்ளும். முள்ளும் தாங்காது, பழைய ஒயரும் தாங்காது.

ஆல்டர்னேட்டர் வண்டிக்கு வோல்ட் மீட்டர்தான் பொருத்தம். அதற்குள் கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை, தடித்த ஒயரை டேஷ்போர்டுக்குள் இழுக்கும் அபாயமும் இல்லை. 8 முதல் 16 வோல்ட் வரை காட்டும் மீட்டர் வாங்குங்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் பச்சை ஒயர் ஃபியூஸிலிருந்து, 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 1 சதுர மி.மீ. ஒயரில் பிளஸ் கொடுங்கள். மைனஸை டேஷ்போர்டு தகரத்தில் மாட்டாமல் நல்ல எர்த் போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.5-ஐ ஒட்டி, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் எல்லாம் சரி. 13-ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் இல்லை அல்லது பெல்ட் வழுக்குகிறது. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் வரிசையாகப் போகும். ஹெட்லைட் போட்டதும் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் முதலில் சாவியின் காண்டாக்டைச் சந்தேகியுங்கள். பேட்டரி முனையிலேயே மல்டிமீட்டர் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மீட்டரை எடுத்துவிட்டால் ஆல்டர்னேட்டரின் பெரிய பின்னிலிருந்து செல்ஃப் சுவிட்சின் பேட்டரி போல்ட்டுக்கு நேராகப் புது ஒயர் இழுங்கள். கணக்கு இப்படி: 6 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 2 மீட்டர் தூரத்துக்கு 45 ஆம்பியர் போனால் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு. 10 சதுர மி.மீ. என்றால் 0.16 வோல்ட். பழைய 3 சதுர மி.மீ. ஒயரில் அரை வோல்ட் போய்விடும், ஒயரும் சூடேறும். பத்தையே வாங்குங்கள். பேட்டரிப் பக்கம் 60 ஆம்பியர் ஃபியூஸ். விளக்குகளுக்குப் பழைய பழுப்பு ஒயர் அப்படியே இருக்கட்டும், ஹெட்லைட்டுக்கு மட்டும் ரிலே வைத்துவிட்டால் சாவிக்கும் சுவிட்சுக்கும் ஆயுள் கூடும்.

ஒரு பழைய பழக்கத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ‘வண்டி நிற்கவில்லை, சார்ஜ் ஆகிறது’ என்று பார்ப்பார்கள். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் அந்தக் கணத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர் அந்தச் சோதனையிலேயே கெடும்.

திருநெல்வேலி வாசகர்: பிரீமியர் பத்மினியில் மாருதி வகை ஆல்டர்னேட்டர். பின்னில் ஐஜி, எல் என்று இருக்கிறது. இரண்டையும் சாவிக்கே கொடுத்தோம். இரண்டு ரெகுலேட்டர் போய்விட்டது.

பதில்: ஐஜி சாவிக்குப் போக வேண்டியதுதான், அது ரெகுலேட்டரை எழுப்பும் ஒயர். எல் விளக்குக்கு மட்டும். சார்ஜ் இல்லாதபோது ரெகுலேட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் எல் பின்னை எர்த்தோடு இணைத்து விளக்கை எரியவைக்கிறது. நீங்கள் நடுவில் பல்பு இல்லாமல் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்ததால் முழுக் கரண்ட்டும் அந்தச் சிறு டிரான்சிஸ்டர் வழியாக எர்த் ஆகிவிட்டது. எல் பின்னுக்கும் சாவிக்கும் நடுவில் பல்பு வையுங்கள். விளக்கு வேண்டாம் என்றால் எல்-ஐ வெறுமனே விட்டு உறை போடுங்கள். ஐஜி உள்ள வகைக்கு சார்ஜைத் தொடங்க விளக்கு தேவையில்லை.

தஞ்சாவூர் வாசகர்: புதிய வோல்ட் மீட்டர் எப்போதும் 10-ஐயே காட்டுகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது.

பதில்: பெட்ரோல் மீட்டருக்குப் பின்னால் இருந்த வெளிர் பச்சை ஒயரிலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறீர்கள். பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்களுக்காக வோல்டேஜைச் சராசரி 10-க்குக் குறைத்துத் தரும் ஸ்டெபிலைசரின் வெளிவாய் அது. அதன் உள்வாயில் வரும் முழுப் பச்சை ஒயருக்கு மாற்றுங்கள். ஸ்டெபிலைசரைக் கழற்றியிருந்தால் அதன் தகரம் நன்றாக எர்த் ஆகும்படி, முன்பு இருந்த வாக்கிலேயே திரும்ப மாட்டுங்கள். எர்த் விட்டால் பெட்ரோல் மீட்டர் எப்போதும் கூடுதலாகக் காட்டும்.

டொரன்டோ வாசகர்: 1969 செவர்லே கமாரோ. விளக்கு டேஷ்போர்டை எடுத்துவிட்டு, அசல் பாணி மீட்டர்கள் வாங்கியிருக்கிறேன். ஆம்பியர் மீட்டரின் ஒயர் நூல் மாதிரி இருக்கிறதே, இது தாங்குமா?

பதில்: தாங்கும். ஏனென்றால் சார்ஜ் கரண்ட் அதன் வழியாகப் போவதே இல்லை. பேட்டரியிலிருந்து ஹார்ன் ரிலே அருகிலுள்ள இணைப்புக் கட்டைக்கு வரும் தடித்த சிவப்பு ஒயரே இங்கே அளவுகோல். அதில் கரண்ட் ஓடும்போது இரு முனைக்கும் இடையே உண்டாகும் மிகச்சிறு வோல்டேஜ் வேறுபாட்டைத்தான் மீட்டர் காட்டுகிறது. ஒரு மெல்லிய ஒயர் பேட்டரிப் பக்க இணைப்புக்கு, மற்றது ஹார்ன் ரிலேயின் கட்டைக்கு. இரண்டிலும் தனித்தனியே 4 ஆம்பியர் ஃபியூஸ், இணைப்புக்கு மிக அருகில். இரண்டும் எப்போதும் உயிருள்ள ஒயர்கள், ஒன்றில் மட்டும் ஃபியூஸ் வைத்தால் போதாது. பழைய சிவப்பு ஒயரை எடுத்துவிட்டுத் தடித்தது போட்டால் வேறுபாடு குறைந்து முள் அசைவதே தெரியாது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.

விளக்கு போனதற்கு ஈடு செய்ய வேண்டியது இங்கேயும் உண்டு. வெளியே இருக்கும் ரெகுலேட்டரின் 4-ஆம் முனைக்கு வரும் பழுப்பு ஒயரில், விளக்குக்கு இணையாக 10 ஓம் மின்தடைக் கம்பி ஒன்று ஹார்னஸுக்குள்ளேயே, அதாவது ஒயர்க் கட்டுக்குள்ளேயே, உண்டு. பேட்டரியைக் கழற்றி, விளக்கையும் எடுத்துவிட்டு, ரெகுலேட்டர் பிளக்கின் 4-ஆம் முனைக்கும் இக்னிஷன் சுவிட்சில் அந்த மின்தடைக் கம்பி சேரும் முனைக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். பத்தை ஒட்டி வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது, அதற்குப் பதில் 10 ஓம், 20 வாட் மின்தடையைத் தகரத்தில் பொருத்தி இணையுங்கள். பூஜ்யம் காட்டினால் யாரோ சாதா ஒயர் போட்டிருக்கிறார்கள். ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரிலே சேர்ந்ததும் பேட்டரி கரண்ட் 4-ஆம் முனை வழியாகத் திரும்பிவந்து இக்னிஷனை ஓட்டும், சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது.